புலிக்கொரு குண்டு, யானைக்கொரு குண்டு

தளவாய்புரம், சேத்தூர், தேவதானம் ஆகிய ஊர்களில் நிற்பவர்க்கு மேற்கு வானத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் மலையாகவே தோன்றும். அம்மலைத்தொடரின் காடுகளில் 2021ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அங்கு உலவும் யானையும் கடல் கடந்த இலங்கைக் காட்டின் யானையும் ஓரினத்தவை; இரண்டும் ஆசிய யானைகளே. இவற்றின் நெற்றியில் இரண்டு புடைப்புகளும் அவற்றின் நடுவே ஒரு பள்ளமும் காணப்படும். ஆப்பிரிக்க யானைக்கோ நெற்றி சரிந்து பின்னோக்கிச் செல்லும். தந்தத்தின் வேர்கள் மண்டையோட்டினுள் மிக ஆழமாகப் பதிந்திருக்கும்.

இந்த வேறுபாட்டை நூலில் படித்து அறியாமல், தாம் சுட்ட குண்டு பொய்த்துப்போன இடத்தில் நின்று அறிந்துகொண்டவர் சாமுவேல் ஒயிட் பேக்கர். நைல் ஆற்றின் மூலங்களைத் தேடிச் சென்ற பயணியாக உலகம் அவரை நினைவில் வைத்துள்ளது. ஆயினும் இருபது வயதிற்கு முன்பு தொடங்கி முதுமை வரை அவர் விடாமல் ஆராய்ந்த பொருள் வேறொன்று. எந்த விலங்கிற்கு எத்தகைய குண்டு என்பதே அது. அக்கேள்வியின் வழியே அவருடைய வாழ்வைக் காணும்போது, அவருடைய பெருமையும் பிழையும் ஒருசேரப் புலப்படுகின்றன.

பிரிஸ்டல் நகரத்துத் துப்பாக்கி

பேக்கர் 1821 ஜூன் 8 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தையின் பெயரும் சாமுவேல் பேக்கரே. ஜமைக்காவிலும் மொரீசியசிலும் கரும்புத் தோட்டங்களை உடைய வணிகர் அவர். செல்வத்திற்குக் குறைவில்லாத வீட்டில் வளர்ந்த மகனுக்குப் பள்ளிப்படிப்பைவிட ஆற்றங்கரையும் குதிரையும் துப்பாக்கியும் மிகுதியாகப் பிடித்திருந்தன. பின்னர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் சில காலம் பயின்றார்.

1840ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், பிரிஸ்டல் நகரத்தின் கிப்ஸ் என்னும் துப்பாக்கித் தச்சரிடம் தாமே திட்டமிட்ட துப்பாக்கி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒன்பதரை கிலோகிராம். குழலின் நீளம் 36 அங்குலம். குழலின் உட்புறத்தில் திருகுபோல இரண்டு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. உருண்டைக் குண்டைச் சுற்றி வார்க்கப்பட்ட வளையம் அவ்வரிகளில் பொருந்திச் சுழன்று வெளியேறும். உருண்டைக் குண்டின் எடை 3 அவுன்சு. கூம்புக் குண்டு 4 அவுன்சு, அதாவது 113 கிராம். ஒரு முறை சுடுவதற்கு ஓர் அவுன்சு கரிமருந்து இட வேண்டும். அந்நாளைய போர்வீரன் சுமந்த துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய ஓர் அவுன்சு எடைதான் இருக்கும்.

அக்காலத்தில் குழலின் அகலத்தை அங்குலத்தால் அளவிடும் வழக்கம் பரவவில்லை. ஒரு பவுண்டு காரீயத்தைச் சம உருண்டைகளாகப் பிரித்து, அவற்றுள் ஒன்று குழலுக்குச் சரியாக இருந்தால், அந்த உருண்டைகளின் எண்ணிக்கையே குழலின் எண். நான்காம் எண் குழலில் கால் பவுண்டு உருண்டை செல்லும்; பன்னிரண்டாம் எண் குழலில் பவுண்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு. எண் சிறுத்தால் குழல் பெருக்கும் என்னும் இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்றும் பன்னிரண்டாம் எண் துப்பாக்கி என்ற பெயரில் வழங்கிவருகிறது.

இத்தனை எடை எதற்கு என்று அன்றே பலர் நகைத்தனர். கரிமருந்து எரிந்து தள்ளும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. மருந்தை மேலும் மேலும் கொட்டினாலும் குண்டின் வேகம் அதற்கேற்பக் கூடுவதில்லை. வேகத்தைக் கூட்ட இயலாதபோது ஆற்றலைக் கூட்டுவதற்கு எஞ்சியிருக்கும் வழி, குண்டின் எடையைக் கூட்டுவதே. எடை மிகுந்த குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். அவ்வுதையைச் சுடுபவரின் தோள் தாங்க வேண்டுமெனில் துப்பாக்கியும் கனமாக இருத்தல் வேண்டும். இயற்பியல் வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியைப் படிக்கும் மாணவர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். பேக்கர் அதனைத் தோளின் வலியால் உணர்ந்தவர்.

நுவரெலியாவில் ஒரு குடியிருப்பு

1843ஆம் ஆண்டு பேக்கர் ஹென்ரியெட்டா மார்ட்டினை மணந்தார். அவருடைய தம்பி ஜான் அதே நாளில் ஹென்ரியெட்டாவின் சகோதரியை மணந்தார். குடும்பத் தோட்டங்களைக் கவனிக்க மொரீசியசுக்குச் சென்ற பேக்கருக்கு அத்தீவு விரைவில் சலித்துப்போயிற்று. 1846இல் வேட்டைக்காகவே இலங்கைக்கு வந்தார்.

மறு ஆண்டு கடுங்காய்ச்சல் அவரை வீழ்த்தியது. உடல் தேறுவதற்காக ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவிற்கு அனுப்பப்பட்டார். இரண்டே வாரக் குளிர்காற்றில் நோய் நீங்கியது. அவ்விடத்திலேயே ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை அமைப்பதென அங்கேயே முடிவு செய்தார். ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார். இங்கிலாந்து சென்று, கொல்லர், பண்ணை மேற்பார்வையாளர், பசு, காளை, ஆடு, வேட்டைநாய்கள், உழுகருவிகள், விதைகள், ஒரு குதிரைவண்டி ஆகிய அனைத்தையும் 1848இல் கப்பலேற்றினார்.

கொழும்பிலிருந்து மலையேறும் வழியிலேயே தொல்லைகள் தொடங்கின. குதிரைக்காரர் ஒருவர் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தார். சிதைந்த வண்டியை இழுத்துவர அனுப்பிய யானையையும், அதன் இயல்பறியாமல் மலைப்பாதையில் குதிரையைப்போல விரட்டினார். அந்த யானை மறுநாள் இறந்தது. கால்நடைகள் பல மாண்டன. முதல் உருளைக்கிழங்குப் பயிரைப் புழுக்கள் தின்றன. சலிக்காமல் மண்ணிற்கு உரமிட்டும் வேறு பயிர்களை மாற்றியும் பார்த்த பிறகே பண்ணை நிலைபெற்றது. நுவரெலியா இன்று காய்கறிக்குப் பெயர்பெற்ற ஊர்.

அதே ஆண்டுகளில்தான் இலங்கையின் நடுமலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலைக்குச் சென்றன. காலராவும் காய்ச்சலும் அவர்களுள் பலரை வழியிலேயே கொண்டுபோயின. பேக்கரைப் போன்றோர் எழுதிய வேட்டை நூல்களில் இந்த மக்களுக்கு இடம் மிகக் குறைவு. காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகள் அவர்களுடையவை; அத்தோட்டங்களைக் காப்பதற்காகவும் யானைகள் சுடப்பட்டன என்பதை நினைவில் கொண்டால்தான் அந்த வேட்டையின் முழு உருவம் தெரியும்.

நெற்றிக் குறி

இலங்கையில் அப்போது வேட்டையாடிய வெள்ளையர் பலரும் வரியில்லாத வழுவழுப்பான குழலுடைய துப்பாக்கிகளையே பயன்படுத்தினர். யானைக்கு மிக அருகில் சென்று நெற்றியில் சுடுவதே அவர்களுடைய முறை. பேக்கரின் பெருந்துப்பாக்கி அவர்களுக்குப் புதுமை.

நெற்றியில் சுடுதல் எளிதன்று. யானையின் தலை மிகப் பெரிது. மூளை அதனுள் பின்புறமாக, ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் எடையில் ஒடுங்கியுள்ளது. நெற்றிக்கும் மூளைக்கும் இடையே தேன்கூடு போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பு உள்ளது. குண்டு நெற்றியைத் தொடுவது பெரிதன்று. அந்த எலும்பைத் துளைத்துத் திசை மாறாமல் மூளையைச் சென்றடைய வேண்டும். யானை தலையைச் சற்று உயர்த்தினாலும் குண்டு மூளைக்கு மேலாகக் கடந்து போய்விடும். பிறகு அந்த யானை காட்டினுள் எங்கோ நாட்கணக்கில் துன்புற்று இறக்கும். அல்லது சுட்டவர் மீதே பாயும்.

தூய காரீயம் மென்மையானது. எலும்பில் மோதியதும் தட்டையாகி நின்றுவிடும். ஆகவே யானைக்கான குண்டைக் கடினமாக்க வேண்டியிருந்தது. காரீயத்துடன் வெள்ளீயம் கலப்பது வழக்கம். ஆனால் வெள்ளீயம் இலேசானது. கடினத்தைத் தந்து எடையைக் குறைக்கும். பேக்கர் பிற்காலத்தில் ஒன்பது பங்கு காரீயத்திற்கு ஒரு பங்கு பாதரசம் சேர்த்தார். பாதரசம் கனமானதாகையால் குண்டு கடினமும் கனமும் ஒருங்கே பெற்றது. காரீயத்தைத் தனிப் பாத்திரத்தில் செந்நிறமாகக் காய்ச்சி, மூன்று நான்கு குண்டுகளுக்கு வேண்டிய அளவை மட்டும் அகப்பையில் மொண்டு, அதில் பாதரசத்தை ஊற்றி இரும்புக் கம்பியால் விரைந்து கலக்கி வார்த்தார். கொதிக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவி கொடிய நஞ்சு என்பதை இன்றைய மாணவர் அறிவர்; அவர் அதை ஒரு செலவுக் கணக்காகவே பார்த்ததாகத் தெரிகிறது.

குண்டு பற்றிய இந்த நுட்பம் ஒருபுறம் இருக்க, அதனால் வீழ்த்தப்பட்டவற்றின் எண்ணிக்கை மறுபுறம் உள்ளது. ஒரு பயணத்தில் மூன்று வாரங்களுக்குள் பேக்கரும் உடன் சென்றோரும் ஐம்பது யானைகளைக் கொன்றனர். இலங்கையின் ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே தந்தத்திற்காக அவை கொல்லப்பட்டன என்றும் கூறுவதற்கில்லை. விளையாட்டும், வால் ஒன்றுக்கு அரசு தந்த பரிசும், பயிர்க்காப்பும் காரணங்களாயின. மேஜர் ராஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்பட்டார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இலங்கை ஆட்சியின் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்குப் பரிசுத்தொகை கோரப்பட்டதைப் பதிவு செய்துள்ளார்.

அதே காடுகளில் பணிக்கர் எனப்பட்டோர் தோல்வாரில் திரித்த கயிற்றை மட்டும் ஏந்தி, காற்றின் திசையறிந்து பின்தொடர்ந்து, யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைத்து உயிருடன் பிடித்தனர். யானையின் நடையையும் செவியையும் மோப்பத்தையும் அவர்கள் அறிந்த அளவிற்குத் துப்பாக்கி ஏந்தியோர் அறிய வேண்டிய தேவை எழவில்லை. பேக்கரைக் காட்டினுள் வழிநடத்தியவர்களும் உள்ளூர்த் தடமறிவோரே.

உடல்நலம் குன்றியதால் 1855இல் பேக்கர் குடும்பம் இலங்கையை விட்டு நீங்கியது. அவ்வாண்டு முடியுமுன் ஹென்ரியெட்டா நச்சுக்காய்ச்சலால் பிரான்சு நாட்டில் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளைத் தம் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, பேக்கர் சில ஆண்டுகள் நோக்கமின்றி அலைந்தார்.

நைல் வழியில்

பஞ்சாபின் அரியணையை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இளவரசர் துலீப்சிங்குடன் பேக்கர் தன்யூப் ஆற்றின் வழியே வேட்டைக்குச் சென்றார். 1859இல் அவர்கள் விதின் என்னும் நகரை அடைந்தனர். அங்கு அடிமையாக விற்கப்படவிருந்த ஓர் இளம்பெண்ணைப் பேக்கர் மீட்டு அழைத்துச் சென்றார் எனக் கூறப்படுகிறது. ஹங்கேரிக் கலவரத்தில் குடும்பத்தை இழந்த அப்பெண்ணே புளோரன்ஸ். பின்வந்த பயணங்கள் அனைத்திலும் அவர் உடனிருந்தார்.

1861இல் இருவரும் கெய்ரோவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டனர். முதலில் எத்தியோப்பிய மலைகளிலிருந்து நைலில் சேரும் கிளையாறுகளை ஆராய்ந்தனர். அங்குதான் பேக்கரின் இலங்கைப் பாடம் பொய்த்தது. பாய்ந்து வந்த யானையின் நெற்றியை நோக்கி, இலங்கையில் தவறாமல் வீழ்த்திய அதே குறியில், அதே கடினக் குண்டைச் சுட்டார். யானை விழவில்லை. மீண்டும் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆப்பிரிக்க யானை பாயும்போது தலையை உயர்த்தி வருகிறது. நெற்றி சரிவாக இருக்கிறது. மூளை தாழ்வாக உள்ளது. அதற்கு முன்னால் தந்தங்களின் பருத்த வேர்களும் அவற்றைத் தாங்கும் அடர்ந்த எலும்பும் அரணாக நிற்கின்றன. வீழ்ந்த யானைகளின் மண்டையோட்டை வெட்டித் திறந்து பார்த்துப் பேக்கர் இக்காரணங்களைக் கண்டறிந்தார். நெற்றிக் குறியைக் கைவிட்டு, காதருகும் தோளும் நோக்கிச் சுடத் தொடங்கினார்.

நெற்றியை வெல்வதற்கென அவர் கொண்டுசென்ற கருவி ஒன்றும் உண்டு. இலண்டனில் ஹாலண்டு நிறுவனத்தார் செய்த அத்துப்பாக்கி, உள்ளே வெடிமருந்து அடைத்த அரைப் பவுண்டுக் குண்டைச் சுடும். பேக்கர் அதற்குக் குழந்தை எனச் செல்லப்பெயரிட்டார். உடனிருந்த அரபியர் அதனைப் பீரங்கியின் குழந்தை என்றனர். அதன் உதையில் வலிமை மிக்க பேக்கரே காற்றாடிபோலச் சுழன்றார். சுட்ட யானை ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வீழ்ந்தது. ஆனால் சுடுவதற்கு அவரே அஞ்சினார்.

உள்ளே வெடிக்கும் குண்டுகள் குறித்து உலகம் அப்போது வேறொரு கோணத்தில் எண்ணத் தொடங்கியிருந்தது. 1868இல் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் கூடிய நாடுகள், 400 கிராமிற்குக் குறைந்த எடையுள்ள வெடிகுண்டுகளைத் தம்முள் நிகழும் போர்களில் பயன்படுத்துவதில்லை என உடன்பட்டன. பேக்கரின் அரைப் பவுண்டுக் குண்டு 227 கிராம். போர்வீரன் மீது சுடத் தகாததெனப்பட்ட குண்டை யானை மீது சுடுவதற்கு அவ்வுடன்பாட்டில் தடை ஏதும் இல்லை.

ஹம்ரான் அரபியர் என்னும் குலத்தினரைப் பேக்கர் வாழ்நாள் முழுதும் வியந்து போற்றினார். அவர்கள் குதிரையேறி வாளால் யானையை வேட்டையாடினர். ஒருவர் யானையின் முன் குதிரையைச் செலுத்தித் தம்மைத் துரத்தச் செய்வார். மற்றொருவர் பின்னிருந்து பாய்ந்து ஓடும் குதிரையிலிருந்து குதித்து, பின்னங்கால் நரம்பை ஒரே வீச்சில் அறுப்பார். ஒரு கணம் பிழைத்தால் உயிர் மிஞ்சாது. நான்கு அவுன்சு குண்டும் அரைப் பவுண்டுக் குண்டும் வைத்திருந்த ஒருவர், வாள் மட்டுமே கொண்டோரைத் தம்மினும் சிறந்த வேட்டுவராக ஏற்றுக்கொண்டது அவருடைய நேர்மைக்குச் சான்று.

1863 பிப்ரவரியில் கொண்டக்கரோ என்னும் ஆற்றங்கரை நிலையத்தில், தெற்கிலிருந்து நடந்தே வந்த ஸ்பீக், கிராண்டு ஆகிய பயணிகளைப் பேக்கரும் புளோரன்சும் சந்தித்தனர். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் வெளிப்படுவதை அவ்விருவரும் கண்டிருந்தனர். மேற்கே மற்றோர் ஏரி உண்டெனக் கேள்விப்பட்டும் அங்குச் செல்ல இயலவில்லை. பேக்கர் அத்திசையில் சென்றார். சுமைதூக்கிகள் விலகினர், குதிரைகள் மாண்டன, கொய்னா மருந்து தீர்ந்தது. ஓர் ஆற்றைக் கடக்கும்போது புளோரன்ஸ் வெயில் தாக்கி நினைவிழந்து விழுந்து, பல நாட்கள் கண் திறக்கவில்லை. அவருக்காகக் குழி தோண்டுவதற்கான கருவியைக்கூட உடனிருந்தோர் ஆயத்தம் செய்தனர். அவர் பிழைத்தார். 1864 மார்ச் 14 அன்று இருவரும் ஏரியின் கரையை அடைந்தனர். அதற்கு இங்கிலாந்து அரசியின் மறைந்த கணவர் பெயரால் ஆல்பர்ட் எனப் பேக்கர் பெயரிட்டார். அப்பகுதி மக்கள் அவ்வேரிக்குத் தம் மொழியில் முன்பே ஒரு பெயர் வைத்திருந்தனர்.

1865இல் பேக்கர் புளோரன்சை இலண்டனில் முறைப்படி மணந்தார். மறு ஆண்டு சர் பட்டம் பெற்றார்.

தந்தமும் அடிமையும்

மேல் நைல் பகுதியில் பேக்கர் கண்ட கொடுமைகளுள் பெரியது, தந்த வணிகத்தின் உண்மை உருவம். வணிகர் கூட்டம் துப்பாக்கியுடன் விடியலில் ஒரு சிற்றூரைச் சூழ்ந்து தீயிடும். ஆடவரைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் கவரும். பிறகு அக்கால்நடைகளை அண்டை ஊர்த் தலைவரிடம் கொடுத்துத் தந்தம் பெறும். அத்தந்தத்தைச் சுமப்பதற்கும் அடிமைகளே. இறுதியில் தந்தம், சுமந்தோர் ஆகிய இரண்டும் விற்கப்படும். யானைக்கு விழும் குண்டும் மனிதருக்கு விழும் குண்டும் அங்கு ஒரே பையிலிருந்து எடுக்கப்பட்டன.

1869இல் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில், அடிமை வணிகத்தை ஒடுக்கும் பொறுப்புடன் பேக்கரை மேல் நைல் பகுதியின் ஆளுநராக்கினார். நான்கு ஆண்டுகள் அப்பணி நீடித்தது. பேக்கரின் மெய்க்காப்புப் படையினர் தொடக்கத்தில் திருட்டில் கைதேர்ந்தவர்களாக இருந்ததால் நாற்பது திருடர்கள் எனப் பெயர் பெற்றனர். பின்னர் அவர்களே அவருடைய நம்பிக்கைக்குரிய வீரராயினர். அடிமைப் படகுகள் பல பிடிபட்டன; பலர் விடுதலை பெற்றனர். ஆயினும் விடுதலையோடு எகிப்தின் ஆதிக்கமும் வந்தது. புன்யோரோ நாட்டு மன்னர் கபலேகா அதை ஏற்கவில்லை. 1872இல் மசிந்தியில் போர் மூண்டது. பேக்கர் தம் நிலையத்தைத் தாமே எரித்துவிட்டுப் பகைவர் ஈட்டிகளுக்கிடையே பின்வாங்கினார். 1873இல் அவர் பதவி நீங்கியபோது அடிமை வணிகம் தளர்ந்திருந்ததே அன்றி ஒழியவில்லை.

அதே 1873இல் சென்னை மாகாண அரசு காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. திருவில்லிபுத்தூர் மலைகளும் அன்று அம்மாகாணத்தில் அடங்கியிருந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து இந்திய அரசும் அத்தகைய சட்டம் கொண்டுவந்தது.

துளையுள்ள குண்டு

அறுபது வயதை நெருங்கிய பேக்கர் உலகைச் சுற்றி வந்தார். குளிர்காலங்களில் பலமுறை இந்தியாவிற்கு வந்து புலி வேட்டையில் ஈடுபட்டார். குண்டு பற்றிய அவருடைய கடைசி வாதம் இங்கு எழுந்தது.

1870களில் இலேசான குண்டை மிகுந்த மருந்தால் விரைவாகச் சுடும் துப்பாக்கிகள் பெயர்பெற்றன. குண்டின் எடையைக் குறைக்க அதன் மூக்கில் துளையிட்டனர். துளையுள்ள குண்டு உடலில் பட்டதும் விரிந்து சிதறும்; மானைச் சுட்டால் மான் அங்கேயே வீழும். இதைக் கண்டவர்கள் புலிக்கும் அதுவே தக்கதென்றனர். பேக்கர் மறுத்தார். புலியின் தோளில் தடித்த தசையும் வலிய எலும்பும் உள்ளன. துளையுள்ள குண்டு அங்கே பட்டவுடன் துண்டு துண்டாகிவிடும். வெளியே பெரிய காயம் தோன்றும், உள்ளே உயிர்நிலை தீண்டப்படாது. மறுபுறம், யானைக்குரிய கடினக் குண்டைப் புலிமீது சுட்டால் ஊசிபோல ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். அதன் ஆற்றலில் பெரும்பகுதி பின்னாலுள்ள மண்ணிற்கே போய்ச் சேரும்.

பேக்கரின் விடை 577 எண் துப்பாக்கி. அதன் குழல் அகலம் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு, அதாவது பதினான்கரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. குண்டின் எடை 650 கிரெயின், ஏறத்தாழ 42 கிராம். துளையற்ற, கலப்பற்ற தூய காரீயம். அது தோலைத் துளைத்து உட்செல்லும்போது முனை மழுங்கி, காளான்போல விரிந்து, எடை குன்றாமல் உடலினூடே சென்று, மறுபக்கத் தோலின் அடியில் நின்றுவிடும். கொண்டுவந்த ஆற்றல் முழுவதையும் விலங்கின் உடலிலேயே செலவிட்டுவிடும். வீழ்ந்த புலிகளின் உடலிலிருந்து தோண்டியெடுத்த குண்டுகளை எடைபோட்டுப் பார்த்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். யானைக்குக் கடினமும், புலிக்கு மென்மையும், இரண்டிற்கும் போதிய எடையும் வேண்டும் என்பது அரை நூற்றாண்டு அனுபவத்தின் முடிவு. 1890இல் வெளியிட்ட காட்டு விலங்குகள் பற்றிய நூலை அவர் விலங்குகளிலிருந்து தொடங்கவில்லை, துப்பாக்கியிலிருந்தே தொடங்கினார்.

இவ்வாதம் வேட்டைக்காரரின் விருப்பு வெறுப்புப் பற்றியது மட்டும் அன்று. தவறான குண்டின் விலையை, சுட்டவர் பெரும்பாலும் செலுத்துவதில்லை. அவர் யானைமீதோ மரப்பரணிலோ இருப்பார். காயமுற்ற புலியைத் தேடிப் புதருக்குள் நடப்பவர் கூலிக்கு வந்த ஊரார். இரை பிடிக்கும் ஆற்றலை இழந்த புலி சில வேளை மனிதரையே இரையாக்கிக்கொள்ளும். குமாவுன் மலைகளில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டபோது, அதன் வாயின் வலப்புறத்தில் மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் உடைந்திருப்பதைக் கண்டார். முன்னொரு நாள் யாரோ சுட்ட குண்டு அவற்றை உடைத்திருந்தது. சுட்டவர் யார் என்பது எவருக்கும் தெரியாது.

பேக்கரின் அறிவு இந்த இடம் வரை வந்து நின்றது. எவ்வாறு சுட்டால் விலங்கு துன்புறாமல் விரைந்து இறக்கும் என்பதை அவரைப்போல ஆராய்ந்தோர் சிலரே. சுடத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அதே உழைப்புடன் அவர் ஆராயவில்லை. அக்கேள்வியை எழுப்பிய சட்டம் சென்னையில் நடைமுறைக்கு வந்து பதினேழு ஆண்டுகள் கழித்தே அவருடைய கடைசிப் பெருநூல் வெளிவந்தது.

அவர் கண்ட நுட்பங்களும் விரைவில் பழையனவாயின. புகையற்ற புதிய வெடிமருந்து வந்தபின் குண்டின் வேகம் மிகப் பெருகியது. அவ்வேகத்தில் வெறும் காரீயம் குழலினுள் உருகி ஒட்டியதால் அதற்குச் செம்பும் நிக்கலும் கலந்த உறை இடப்பட்டது. உறை முழுவதும் மூடியிருந்தால் யானைக்கு, முனை திறந்திருந்தால் புலிக்கு என்று பேக்கரின் பாகுபாடு மட்டும் புதிய வடிவில் தொடர்ந்தது. கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையில் முனை திறந்த குண்டுகள் போருக்காகவும் செய்யப்பட்டன. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் தடைசெய்தது.

அவற்றைக் காணப் பேக்கர் இல்லை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தாம் வாங்கிய சாண்ட்போர்டு ஆர்லி என்னும் இல்லத்தில் 1893 டிசம்பர் 30 அன்று இறந்தார். எரியூட்டும் வழக்கம் அந்நாட்டில் புதிதாக இருந்த காலத்தில், அவருடைய விருப்பப்படி உடல் எரியூட்டப்பட்டது. சாம்பல் வூஸ்டர் நகருக்கு அருகில் கிரிம்லி என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் ஓர் அருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புளோரன்ஸ் அதே இல்லத்தில் 1916 வரை வாழ்ந்தார். நைல் பயணத்தின்போது அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் 1972இல்தான் நூலாக வெளிவந்தன.